உசாத்துணையின் எல்லை

தொல்காப்பியர் களவியலில் தோழியைச் செவிலியின் மகளென வரையறுத்து, அவளுக்குரிய சிறப்பைச் சொல்லுமிடத்து 'உசாத்துணை' என்னும் ஒரு சொல்லை ஆள்கின்றார். உசாவுதல் என்பது வினவுதல், கலந்து ஆராய்தல் எனப் பொருள்படும். துணை என்பது உடன் நிற்பது. ஒருத்தி தன் நிலையைத் தானே ஆராயுங்கால் அவள் அருகிருந்து உடன் ஆராய்பவள் உசாத்துணை ஆவாள். இச்சொல்லை யாம் பல்லாண்டு வகுப்பறையில் விளக்கி வந்துள்ளோம். ஆயினும் அதன் இரண்டாம் உறுப்பின்மேல் போதிய கருத்துச் செலுத்தினோம் என்று கூறுதற்கில்லை.

சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் மன நெருக்கடிக் காலத்துத் துணைநிற்கும் பணி இன்று ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. ஈழத்தார் அதனை உளவளத்துணை என்பர். தமிழகத்தார் ஆலோசனை என்றும் ஆற்றுப்படுத்துதல் என்றும் வழங்குவர். துணைநிற்பார் தம் வன்மையையும் தம் எல்லையையும் தாமே அறிந்திருத்தல் வேண்டும் என்பது அத்துறை தன் மாணாக்கர்க்கு முதற்கண் உணர்த்தும் பாடங்களுள் ஒன்று. இப்பாடத்தைச் சங்க இலக்கியத்தோடு பொருத்திக் காட்டும் ஆய்வேடுகளும் நம் துறைகளில் தோன்றி வருகின்றன. எம் பார்வைக்கு வந்தவற்றுட் பல, தோழியை 'உளவியல் வல்லுநர்' எனப் போற்றி, அவள் அறியாதது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றன. அம்முடிவு பாடல்களோடு பொருந்தவில்லை. அகப்பாடல்களை ஊன்றிப் பயில்வார்க்குத் தோழியின் பெருமை, தன் அறிவும் ஆற்றலும் எவ்விடத்தில் நின்றுவிடுகின்றன என்பதை அவள் அறிந்திருத்தலிலேயே விளங்கும். அவ்வறிவு இல்லாதாரையும் அப்பாடல்கள் காட்டுகின்றன. அவர்பால் இரக்கமும் எள்ளலும் கலந்த ஒரு நோக்கையும் காட்டுகின்றன. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அவள் வன்மையைக் காண்போம். அது விரைந்து கூறத்தக்கது, ஏனெனின் யாவரும் அறிந்தது. தலைவியின் மாற்றத்தைத் தோழி உணர்தற்குரிய வாயில்களாக நாற்றம், தோற்றம், ஒழுக்கம், உண்டி, செய்வினை மறைத்தல், செலவு, பயில்வு என ஏழினைத் தொல்காப்பியர் எண்ணுகின்றார். இவ்வேழனுள் ஒன்றேனும் தலைவியின் வாய்ச்சொல்லைப் பற்றியதன்று. உண்ணும் உணவு குறைந்ததும், வழக்கமாகச் செல்லும் இடம் மாறியதும், செய்த ஒன்றை மறைக்கும் முயற்சியும் ஓர் இளம்பெண்ணின் உள்ளத்தை அவள் சொல்லுக்கு முன்னரே புலப்படுத்தும் என்பது அவர் கண்டது. இக்காலத்து ஆசிரியர் ஒருவர்க்கு இப்பட்டியலைத் தந்து, 'உம் வகுப்பில் வாட்டமுற்ற மாணவரை இவற்றால் அறிமின்' என்றால் அது பிழையாகாது.

ஆயினும் உணர்ந்தபின் தோழி என் செய்கின்றாள் என்பதே கருதத்தக்கது. உணர்ந்ததை அவள் உடனே உரைப்பதில்லை. மெய்யும் பொய்யும் விரவிய, இருபொருள்படும் சொற்களால் தலைவியை அணுகுகின்றாள். அத்தகைய சொல்லைக் கேட்கும் தலைவி விரும்பின் உள்ளத்தைத் திறக்கலாம். விரும்பாவிடின் சொல்லின் மற்றொரு பொருளைப் பற்றிக்கொண்டு நாணம் காத்துக்கொள்ளலாம். தன் ஊகம் ஊகமே என்பதைத் தோழி அறிந்திருப்பதனால் இச்சொன்முறை பிறக்கின்றது. ஏழு வாயிலாலும் உணர்ந்தவளே தன் உணர்வைச் சோதித்துப் பார்க்கின்றாள் என்பதைப் பயில்வோர் நினைவிற் கொள்க.

இனி, அறிவுரை பெறும் இளையோர் அறிவுரைப்பாரைப் பற்றி என்ன கூறுகின்றனர் என்று பார்ப்போம். அகநூல்களில் இதற்கென ஒரு துறையே உண்டு. தலைவனைப் பாங்கன் இடித்துரைப்பது கழறல். அதற்குத் தலைவன் கூறும் மறுமொழி கழற்றெதிர்மறை. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 58ஆம் பாட்டு இத்துறையினது. இடித்துரைக்கும் நண்பரை விளித்து, 'நும் இடிப்புரையால் இந்நோயை நிறுத்திவிட இயலுமாயின் அதனினும் நல்லது பிறிதில்லை' என்று தலைவன் தொடங்குகின்றான். பின்னர் வரும் உவமை தமிழ் கற்றார் அனைவர் நெஞ்சிலும் நிற்பது: ஞாயிறு காயும் வெம்பாறையின்மேல் வைத்த வெண்ணெய் உருகிப் பரவுகின்றது, கையில்லாத ஊமன் ஒருவன் அதனைக் கண்ணாற் காத்து நிற்கின்றான்.

இவ்வூமன் யார்? தன் நோயைத் தாங்கவும் உரைக்கவும் இயலாத தலைவனே ஊமன் எனக் கொள்ளுதல் இயல்பான பொருள். பாட்டின் இறுதியும் நோயைத் தாங்குதலின் அருமையையே பேசுதலால் அதனை யாம் மறுக்கவில்லை. எனினும் பாட்டு யாரை நோக்கிப் பாடப்பட்டது என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். கேட்போர் இடித்துரைக்கும் கேளிர். அவர்க்கு நாவுண்டு, கையுமுண்டு. ஆயினும் உருகும் வெண்ணெயின் முன் அவையிரண்டும் பயன்படவில்லை. தன்னை ஊமன் என்று கூறிக்கொள்ளும் தலைவன், எதிர்நிற்கும் நண்பனும் அந்நிலையினனே என்பதை அவன் மனம் நோவாத வகையில் உணர்த்திவிடுகின்றான் என்று யாம் கருதுகின்றோம். காண்பதொன்றே இருவர்க்கும் எஞ்சிய ஆற்றல். இப்பொருளை வலிந்து கொண்டது என்பார் உளராயின், முதலடிகளில் உள்ள வேண்டுகோளை மீண்டும் படித்துப் பார்ப்பாராக. 'இயலுமாயின்' என்னும் நிபந்தனை அங்கு வாளா நிற்கவில்லை.

இதனினும் கூர்மையானது குறுந்தொகை 290. பாடியவர் பெயர் மறைந்து, பாட்டிலுள்ள உவமையே பெயராகிக் கல்பொரு சிறுநுரையார் எனப்பட்டார். வற்புறுத்திய தோழிக்குத் தலைவி கூறியது என்பது துறைக்குறிப்பு. இக்குறிப்புகள் பாடலோடு ஒருங்கு பிறந்தன அல்ல, பின்னோர் வகுத்தவை என்பதை மறத்தலாகாது. எனினும் இப்பாட்டிற்கு அக்குறிப்பு நன்கு பொருந்துகின்றது. 'காமத்தைத் தாங்கிக்கொள்' என்று கூறுவோரைக் குறித்துத் தலைவி இரண்டு வினாக்களை எழுப்புகின்றாள். அவர் காமம் என்பது இன்னதென அறியாதவரோ? அன்றி, அறிந்தும் தாங்கவல்ல அத்துணை வலிமை உடையவரோ? பின்னர்த் தன் நிலையைக் கூறுகின்றாள்: தலைவனைக் காணாவிடின், பாறையில் மோதும் வெள்ளத்துச் சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாமற் போவோம்.

முதல் வினா எளிது. அறியாதவர் அறிவுரை கூறுதல் உலகியல்பு. இரண்டாம் வினாவே எம்மை நிறுத்துகின்றது. அறிவுரைப்பாரின் வலிமையை இங்குத் தலைவி பாராட்டுவதாகத் தோன்றினும், உண்மையில் அதனை அவர்தம் குறையாகக் காட்டுகின்றாள். தாங்கவல்லவர்க்குத் தாங்கமாட்டாமை விளங்காது. எவ்வன்மை ஒருவரைத் துன்பத்தினின்று கரையேற்றியதோ, அவ்வன்மையே பிறர் துன்பத்தைக் காணவொட்டாமல் அவர் கண்ணை மறைக்கின்றது. வன்மை வேறு, எல்லை வேறு என்று இரு நிரலாக எழுதி வைத்துக்கொள்ளும் இக்காலப் பயிற்சி ஏடுகளில் இந்நுட்பத்தை யாம் கண்டிலேம். இரண்டும் ஒன்றாகும் இடமுண்டு என்பதை நுரையைப் பாடிய அப்புலவர் ஐந்தாறு அடிகளில் உணர்த்திச் சென்றார்.

இப்பாட்டை யாம் இங்ஙனம் படிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஆய்விதழில் அதனைக் கூறுதல் தகுமோ என ஐயுற்று, தகும் என்றே துணிந்தோம். சில ஆண்டுகட்கு முன் இளங்கலை முதலாண்டு மாணவர் ஒருவர் எம் அறைக்கு வந்தார். பதினேழு அகவையினர். அவ்வாண்டு அவர் தமையனார் இறந்துவிட்டார். பாடத்தில் மனம் ஊன்றவில்லை என்றும், ஊர் திரும்பலாம் என எண்ணுவதாகவும் கூறினார். யாம் எம் வரலாற்றைக் கூறினோம். பள்ளிப் பருவத்தில் தந்தையை இழந்ததும், பிறர் வீட்டுத் திண்ணையில் படித்ததும், ஒருநாளும் வகுப்புக்குத் தவறாததும் அதில் அடங்கும். 'யாம் தாங்கவில்லையா?' என்று முடித்தோம். அவர் பணிவோடு கேட்டு, 'சரி ஐயா' என்று எழுந்து சென்றார். அடுத்த திங்கள் அவர் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றதாக அலுவலகத்தார் வாயிலாக அறிந்தோம். அவர் தமையனாரின் பெயரைக்கூட யாம் வினவவில்லை என்பது அப்பொழுதுதான் எம் நினைவிற்கு வந்தது. கூறியவற்றுள் ஒன்றும் பொய்யன்று. அனைத்தும் எம் வலிமையைப் பற்றியது.

தோழி அங்ஙனம் தவறுவதில்லையோ எனின், 290ஆம் பாட்டிலேயே தவறியிருக்கின்றாள். தலைவியின் வினாக்கள் அவளையே சாரும். தோழியைக் குறையற்றவளாகக் காட்ட வேண்டும் என்னும் விழைவு பண்டைப் புலவர்க்கு இருந்ததில்லை. வன்புறை கூறும் தோழியை மறுத்துரைக்கும் உரிமையைத் தலைவிக்கு வழங்கி, அம்மறுப்பையும் ஒரு துறையாக்கி வைத்தனர். அறிவுரை பெறுபவர் அறிவுரையை மதிப்பிடும் இவ்வழக்கம் அகமரபின் செல்வங்களுள் ஒன்று.

தோழிக்கு எதிர்நிலையில் நிற்பவன் வேலன். மகளின் மெலிவு கண்டு தாய் கலங்குகின்றாள், கட்டுவிச்சி நெல்லை எண்ணிக் குறி பார்க்கின்றாள், 'முருகு அணங்கியது' என்று முடிவாகின்றது, வேலன் அழைக்கப்படுகின்றான். களம் இழைக்கப்படுகின்றது, மறி அறுக்கப்படுகின்றது. இந்நிகழ்ச்சி முழுவதிலும் தலைவியை நோக்கி ஒரு வினாவும் எழுவதில்லை என்பதை எண்ணிப் பார்க்க. வேலனிடம் விடை முன்னரே அணியமாக உள்ளது. எந்நோய் வரினும் அவ்விடையே. அவன் தீயவன் அல்லன். தன் தொழிலை நம்புகின்றவன். தான் அறியாததும் ஒன்று இருத்தல் கூடும் என்னும் ஐயம் அவனுக்கு எழாமையே குறை.

நற்றிணை 34இல் தோழியின் எள்ளல் வேலனையும் கடந்து முருகன்மேலேயே செல்கின்றது. இந்நோய் தன்னால் வந்ததன்று என்பதை நன்கு அறிந்திருந்தும், வேலன் அழைத்தான் என்பதற்காகக் கடம்பு சூடித் தலைநிமிர்ந்து வெறிக்களத்திற்கு வந்த முருகன், கடவுளே ஆயினும் அறிவிலியே என்கின்றாள். அறிவுடைமைக்கு இத்தோழி வைக்கும் உரைகல் வியப்பிற்குரியது. ஆற்றலில் முருகனுக்குக் குறைவில்லை. தனக்குரியதன்று என்று தெரிந்த இடத்தினின்று விலகாமையே அவன் மடமை. அழைப்பு வந்தமையாலேயே தகுதியும் வந்துவிடாது என்பதைக் கடவுளுக்கே நினைவூட்டுகின்றாள்.

குறுந்தொகை 362இல் அவள் வேலனோடு பேசும் முறை வேறு. சினவாதிருக்க வேண்டி, ஒரு வினா உண்டு எனப் பணிந்து தொடங்குகின்றாள். இம்மறியைக் கொன்று இவள் நெற்றியைத் தடவி நீ தரும் பலியை, இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என்று வினவுகின்றாள். ஒரே வினாவில் நோயின் முதலைத் தாய்க்குக் கேட்குமாறு உணர்த்தியாயிற்று. ஔவையார் பாடிய குறுந்தொகை 23இலும் இத்திறமே காணப்படும். அங்குக் குறி பார்க்கும் அகவன்மகளிடம், தலைவனது குன்றைப் பாடிய பாட்டை மீண்டும் பாடுக என்கின்றாள். தன் சொல்லுக்கு அவ்வவையில் மதிப்பில்லை என அறிந்தவள், மதிப்புடையார் வாயிலாகவே உண்மையை வெளிக்கொணர்கின்றாள். தன் குறையை அறிந்தமையாற் பிறந்த சூழ்ச்சித்திறன் இது.

வேலனைப் பழங்கால மூடநம்பிக்கையின் உருவமாக மட்டும் கண்டு கடந்துவிடுதல் எளிது. வியன்னா நகரில் 1900ஆம் ஆண்டில் 18 அகவையுடைய இளம்பெண் ஒருத்தியை அவள் தந்தையார் சிக்மண்ட் பிராய்டிடம் ஒப்படைத்தார். மகளை நல்வழிக்குக் கொணர வேண்டும் என்பது தந்தையின் வேண்டுகோள். பிராய்டு அவள் மெலிவுக்கும் இருமலுக்கும் கனவுகட்கும் விளக்கங்கள் தந்தார். அவள் மறுத்த விடத்தும் அம்மறுப்பையே விளக்கத்திற்குச் சான்றாகக் கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவள் தானாகவே வருகையை நிறுத்திக்கொண்டாள். 1905இல் அவ்வரலாற்றை 'டோரா' என்னும் புனைபெயரின்கீழ் வெளியிட்ட பிராய்டு, அவள் பிறர்பாற் கொண்ட உணர்ச்சிகளைத் தம்மேல் ஏற்றிக் காண்பதை உரிய காலத்தில் உணர்ந்து கையாளத் தாம் தவறியதை இறுதியில் ஒப்புக்கொண்டார். பெற்றோர் அழைக்க வருதல், விடையோடு வருதல் என்னும் இரண்டிலும் வேலனை ஒத்தவர், ஒப்புக்கொண்ட அளவில் வேலனினும் வேறுபட்டார். நம் பாடல்களில் எந்த வேலனும் வாய்திறந்து தன் தவற்றைக் கூறக் கேட்டிலேம்.

தோழியின் தன்னறிவு முழுமையாக வெளிப்படும் இடம் குறிஞ்சிப்பாட்டு. கபிலர் ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்பது இதன் வரலாறு. 261 அடிகளும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றே. தாயே, நின் மகள் நோய் மருந்தறியாதது. நீயும் குறி வினாவியும் பல கடவுளை வழிபட்டும் கலங்குகின்றாய் என்று தொடங்குகின்றாள். பின்னர்த் தலைவி தன்னிடம் கூறியதைக் கூறுகின்றாள். முத்தும் மணியும் பொன்னும் கொண்டு செய்த அணி கெட்டால் மீண்டும் பொருத்தலாம். சால்பு குன்றினால் மீட்டுத் தருதல் முனிவர்க்கும் எளிதன்று என்பது தலைவியின் கவலை. அக்கவலையைத் தோழி தன் சொல்லால் மாற்றியமைக்கவில்லை, சுருக்கவுமில்லை. தலைவி கூறியவாறே தாயின் முன் வைக்கின்றாள்.

அடுத்து அவள் தன்னைப் பற்றிக் கூறுவது இக்கட்டுரைக்கு உயிர்நிலை. பகை மூண்ட பேரரசர் இருவர்க்கிடையே அமைதி நாடி நிற்கும் சான்றோரைப் போல, இருபெரும் அச்சத்தோடு யானும் ஆற்றேன் என்கின்றாள். ஒருபக்கம் தலைவியின் மறை. மறுபக்கம் தாயின் உரிமை. எப்பக்கம் சாயினும் மற்றொன்று கெடும். உவமையில் சான்றோர் வருதலால் அவள் தன்னை உயர்த்திக்கொண்டாள் என்று கருதற்க. வேந்தரிடை நிற்கும் சான்றோர்க்குப் படையில்லை. இருவரும் செவிசாய்க்கும்வரை மட்டுமே அவர்தம் ஆற்றல் செல்லும். அந்நிலையினும் தாழ்ந்த ஒருத்தி, தன் அச்சத்தையே முதற்செய்தியாக வைக்கின்றாள். மேலும், தலைவியும் தானுமாக முதியோரை உசாவாது துணிந்த செயல் இது எனத் தன் பங்கையும் ஒப்புக்கொண்டு, சினவாது கேட்குமாறு வேண்டுகின்றாள். 'நின் மகள் செய்தாள்' என்று கூறியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். அவ்வழியை அவள் நாடவில்லை.

அதன்பின் வரும் நெடிய பகுதியில் தினைப்புனமும் அருவியாடலும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரும் வருகின்றன. அப்பூ நிரலைத் தாவரநூற் புலமைக்கு எடுத்துக்காட்டாக வியப்பது வழக்கம். யாம் வகுப்பில் அதனை நடத்துங்கால், தாயின் சினம் ஆறுதற்குரிய காலத்தை இப்பூக்கள் தருகின்றன என்று கூறுவதுண்டு, மாணாக்கர் நகைப்பர். ஆயினும் நாய்கள் வளைத்துக்கொண்டதையும் களிறு வந்ததையும் கூறும் இடத்தில் தானும் நடுங்கியதை அவள் மறையாது கூறுதலை நோக்க, இஃது ஒரு வழக்குரையாக இன்றிச் சான்றுரையாக அமைந்திருத்தல் புலனாகும். கண்டதைக் காண் முறையிற் கூறுகின்றாள். முடிவில் தலைவன் இரவில் வரும் வழியின் ஏதங்களை எண்ணித் தலைவி கலங்குவதைக் கூறுகின்றாள். 'ஆதலின் மணம் முடிப்பீராக' என்னும் சொல் அவள் வாயில் வரவில்லை. முடிவு செய்யும் உரிமை தனக்கில்லை என்பதை அறிந்து, முடிவுக்கு வேண்டியன அனைத்தையும் உரியவர் கையில் சேர்த்துவிட்டு நிற்கின்றாள்.

அறத்தொடு நிற்றலுக்கு எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பல் என ஏழு வகை கூறுவர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் என அது படிப்படியாகச் செல்லும் என்பது மரபு. இவ்வொழுங்கில் ஒவ்வொருவரும் தம்மால் இயல்வதைச் செய்து, இயலாததை அடுத்தவரிடம் ஒப்படைக்கின்றனர். உற்ற காலம் வரும்வரை மறையைக் காத்தலும், உயிர்க்கு ஏதம் வருங்கால் அதனை உரியவர்க்கு உரைத்தலும் தோழியின் கடன். எது அக்காலம் என்று துணிவதே அவள் அறிவுக்கு அருஞ்சோதனை. 'ஆற்றுப்படுத்துதல்' என்று இன்று நாம் வழங்கும் சொல்லும் இங்கு நினைத்தற்குரியது. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். ஆற்றுப்படுத்துவோன் கொடைஞன் அல்லன்; தானும் வறுமையுற்றுப் பெற்றவன், பெற்ற வழியைக் காட்டுபவன். வழிகாட்டுவோன் தன்னையே பரிசிலாக எண்ணிக்கொண்டால் பாணன் சிறுகுடிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இங்கு ஒரு தடை எழும். தோழி தலைவியின் குடும்பத்தைச் சார்ந்து வாழ்பவள். அவள் அடக்கம் தன்னறிவால் வந்ததன்று, தாழ்நிலையால் வந்தது. அதனை அறிவென்று போற்றுதல் அடிமைத்தனத்தைப் போற்றுதலாகும் என்று கூறலாம். எம் ஆய்வு மாணவர் ஒருவரே இதனை எழுப்பினார். இத்தடையில் உண்மை உண்டு. இருபெரும் அச்சம் என்பதில் ஓரச்சம் நிச்சயமாகத் தாயின் சினத்தைப் பற்றியது. அன்றியும், இவையாவும் புலனெறி வழக்கமேயன்றி நிகழ்ந்தவற்றின் பதிவல்ல. ஆயினும் நிலை தாழ்ந்திருத்தல் ஒன்று, தாழ்ந்த நிலையைக் கணக்கிற் கொண்டு செயலாற்றுதல் மற்றொன்று. வேலனை வினாவால் மடக்குபவளும் முருகனை மடவன் என்பவளும் அஞ்சி அடங்கியவள் அல்லள். எங்கு அஞ்ச வேண்டும், எங்கு வேண்டாம் என்று அவள் பிரித்தறிகின்றாள். தடையை முற்றும் நீக்கினோம் என்று யாம் கூறவில்லை. தோழியின் குடிநிலை பற்றித் தனி ஆய்வு வேண்டும்.

இதுகாறும் வளரிளம் பருவத்தினரையே கண்டோம். சிறு குழவியரைப் பற்றிச் சங்கப் புலவர் என் செய்தனர் என்பதற்குப் புறநானூறு 46 ஒன்றே போதும். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்காலில் இட முற்பட்டபோது கோவூர் கிழார் பாடியது. புறாவின் துன்பம் நீக்கியவன் மரபில் வந்தவன் நீ. புலவர் வறுமை அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்பார் மரபில் வந்தவர் இவர் என்று அரசனுக்குக் கூறுகின்றார். பின்னர்ச் சிறுவரைக் காட்டுகின்றார். களிற்றைக் கண்டு, அழுதுகொண்டிருந்த அழுகையை மறந்து, மன்றத்தை மருண்டு நோக்கி, முன் அறியாத புதியதொரு துயரத்தில் நிற்கின்றனர் அவர்.

குழந்தைகளின் உள்ளநிலையை இத்துணை நுட்பமாகக் கண்ட புலவர் அவர்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அஞ்சாதீர் என்று அவர் கூறியிருந்தால் அது பொய். யானை அங்கேயே நிற்கின்றது. அழுகை நின்றுவிட்டதை அமைதி என்று கொள்ளும் பிழையையும் அவர் செய்யவில்லை. அழுகை நின்றதே பெருந்துயரத்தின் குறி என்று கண்டார். தம் ஆற்றல் சொல்லாற்றல் ஒன்றே என்பதையும், அச்சொல் செல்லவேண்டிய செவி அரசனது செவி என்பதையும் அறிந்தார். இறுதியில், யான் கூறியதைக் கேட்டனை, இனி நீ விரும்பியதைச் செய்க என்று முடிக்கின்றார். அச்சொல்லில் அச்சுறுத்தலும் உண்டு, ஆயினும் அரசன் கையைப் பிடித்து நிறுத்தும் வலி தமக்கில்லை என்னும் ஒப்புதலும் உண்டு. பாடி உய்யக் கொண்டது எனத் துறைக்குறிப்புக் கூறுதலால் சிறுவர் பிழைத்தனர் என அறிகின்றோம். குழந்தையின் துயர்க்குக் காரணம் குழந்தையின்பால் இல்லாதபோது, குழந்தையோடு பேசிக்கொண்டிருப்போர் இப்பாட்டைப் பயிலுதல் நன்று. பள்ளிகளில் அத்தகையோர் பலர். யாமும் சிலகாலம் அவருள் ஒருவராக இருந்தோம்.

சென்ற பருவத்தில் குறுந்தொகை 290ஐ முதுகலை வகுப்பில் நடத்தினோம். பாடம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, தலைவி இவ்வாறு கேட்டதற்குத் தோழி என்ன மறுமொழி கூறினாள் என்று வினவினார். பாட்டில் மறுமொழி இல்லை என்றோம். 'பாட்டில் இல்லை ஐயா. ஆயினும் ஏதேனும் சொல்லியிருப்பாள் அல்லவா?' என்று அவர் மீண்டும் கேட்டார். சொல்லாமலும் இருந்திருக்கலாம், அருகில் அமர்ந்திருக்கலாம் என்று யாம் கூறினோம். மணி அடித்தது, மாணவி அதனைத் தம் ஏட்டில் குறித்துக்கொண்டாரா இல்லையா என்பதை யாம் காணவில்லை.